துப்பாக்கிக் குழலும் கரிப் பிசுக்கும்

ஏ.எஸ்.ராவ் நகரில் குடியிருக்கும் நாம் அபிட்ஸ் பக்கம் போகும்போது ‘கன் ஃபவுண்டரி’ என்ற பெயரைக் கேட்டிருப்போம். நிஜாமின் படைத்தளபதியாக இருந்த பிரெஞ்சுக்காரர் ரேமோன் 1790களில் அமைத்த பீரங்கி வார்ப்புச்சாலை அது. 1798 மார்ச்சில் அவர் இறந்தார். அதே ஆண்டு அக்டோபரில் கும்பினியார் அவருடைய படையின் ஆயுதங்களைப் பறித்துக்கொண்டார்கள்.

அந்தக் காலத்துச் சிப்பாய் கையில் இருந்தது சக்கிமுக்கிக் கல் பொறியில் வெடிக்கும் துப்பாக்கி. அதன் மருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு, மீதி கரியும் கந்தகமும். சுட்டதும் எல்லாம் காற்றாகப் போய்விடாது. ஏறக்குறைய பாதி எடை திடப்பொருளாக மிஞ்சும். கொஞ்சம் புகையோடு போகும், கொஞ்சம் குழலுக்குள் ஒட்டிக்கொள்ளும். விறகடுப்புப் பாத்திரத்தில் கரி பிடிக்கிற மாதிரிதான்! மழைக்காலத்தில் ஈரம் உறிஞ்சிக் குழம்பாகும். நம் ஹைதராபாத் மே மாத வெயிலில் ஓடு போல இறுகும்.

அதனாலென்ன என்கிறீர்களா? குண்டை முன்வாய் வழியாகத்தானே திணிக்க வேண்டும்! வழி குறுகினால் குண்டு நடுவில் நின்றுவிடும். இதற்காகக் குண்டையே சிறியதாக வார்த்தார்கள். கும்பினிப் படையின் ‘பிரவுன் பெஸ்’ துப்பாக்கிக் குழலின் விட்டம் சுமார் 19 மி.மீ., குண்டு சுமார் 17.5 மி.மீ. துடைக்காமலே பலமுறை சுடலாம். ஆனால் குண்டு உள்ளே தட்டித் தட்டிப் போவதால் 100 கெஜத்துக்கு அப்பால் குறி நிச்சயமில்லை.

1800-இல் ஆங்கிலேயர் எடுத்துக்கொண்ட பேக்கர் ரைஃபிளில் குழலுக்குள் மரை உண்டு. குண்டு இறுக்கமாகப் பொருந்தும், குறி தப்பாது. ஆனால் கரி மரையை அடைத்தால் ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு பக்கம் போகும். ஈரத்துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியை விட வேண்டும்; அதையும் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி செய்ய வேண்டும். போர்க்களத்தில் அதற்கு நேரம் ஏது?

கொழுப்பு தடவினால் குண்டு வழுக்கிக்கொண்டு இறங்கும், கரியும் இளகும். அப்படித்தான் 1853 மாதிரி என்ஃபீல்டு தோட்டாவுக்குக் கொழுப்பு வந்தது. அது பசுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு என்ற பேச்சு 1857-இல் தீயாய்ப் பரவியது. கலகத்துக்குக் காரணங்கள் பல. பொறி விழுந்தது இங்கே!

அடுத்த முறை சாலார்ஜங் மியூசியத்தில் பழைய துப்பாக்கியின் அடியில் கம்பி செருகியிருப்பதைப் பார்த்தால், இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.