மாற்றத்தை மறுக்கும் மென்பொருள்: தெலங்கானாவின் தரணி தளத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. முன்னுரை

மென்பொருளைப் பயன்படுத்துபவர் ஒரு திருத்தம் கேட்பதும், எழுதியவர் அதைத் தட்டிக்கழிப்பதும் கணினித் துறையில் அன்றாடம் நடப்பவை. நிரலாளரின் அகந்தையே காரணம் என்று பலரும் சொல்லிவிடுகிறார்கள். அகந்தை எல்லாத் தொழிலிலும் உண்டு. அது ஒன்றே காரணமாக இருந்தால், ஒரே தளத்தில் ஒரு கோரிக்கை சில மாதங்களில் நிறைவேற, இன்னொன்று ஆண்டுக்கணக்கில் கிடப்பதை விளக்க முடியாது. இந்த வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்குக் களமாவது ஹப்சிகுடாவும் அதைச் சூழ்ந்த மாவட்டமும். தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம் அமைந்துள்ள இந்தக் கிழக்கு ஹைதராபாத் பகுதி, மேட்சல்–மல்காஜ்கிரி மாவட்டத்தைச் சேர்ந்தது. அதே மாவட்டத்தின் மூடு சிந்தலபள்ளி கிராமத்தில்தான் 2020 அக்டோபர் 29 அன்று அப்போதைய முதல்வர் கே. சந்திரசேகர ராவ் ‘தரணி’ நிலப்பதிவுத் தளத்தைத் தொடங்கிவைத்தார். அடுக்குமாடி வீடு வாங்குபவரும் ஏர் உழுபவரும் ஒரே மாவட்டத்தில் ஒரே திட்டத்தின் பயனாளர்கள் ஆனார்கள். இரு தரப்புக்கும் கிடைத்த பதில்கள் வேறு.

மாற்றத்துக்கான எதிர்ப்பு நிரலாளரின் மனத்தில் தொடங்குவது குறைவு. மாற்றத்தின் செலவை யார் சுமப்பது, மாற்றும் அதிகாரம் யார் கையில் என்ற இரண்டையும் பொறுத்தே அது வலுக்கிறது. இதுவே இக்கட்டுரையின் கருதுகோள்.

2. தரணி: நடந்தவை

2.1 சட்டமும் தளமும்

தெலங்கானா அரசு 2017 செப்டம்பரில் நில ஆவணங்களைப் புதுப்பிக்கும் பணியைத் தொடங்கியது. கிராமம் கிராமமாகத் திரட்டிய அந்த விவரங்களே தரணிக்கு அடித்தளம். அவசரத்தில் திரட்டியதால் பெயர், பரப்பளவு, நிலவகை ஆகியவற்றில் பிழைகள் தங்கிவிட்டன. தனியாருக்குச் சொந்தமான சர்வே எண்கள் சில, விற்கத் தடை செய்யப்பட்ட பட்டியலில் ஏறின.

2020இல் நிறைவேறிய புதிய பட்டாப் புத்தகச் சட்டம் வருவாய் நீதிமன்றங்களை நீக்கியது. தனிச் சட்டம் ஒன்று கிராம வருவாய் அலுவலர் பதவியை ஒழித்தது. லஞ்சத்துக்கு முடிவு கட்டுவதே அரசு சொன்ன நோக்கம். பத்திரப் பதிவும் பட்டா மாற்றமும் தாசில்தார் அலுவலகத்தில் ஒரே நாளில் முடிந்தன. இது உண்மையான வசதி. ஆனால் பதிவில் பிழை இருந்தால், அதைத் திருத்தும் அதிகாரம் தாசில்தாருக்கு இருக்கவில்லை. மேல்முறையீட்டுக்குச் செல்ல வருவாய்த் துறையில் படிக்கட்டும் இருக்கவில்லை. எஞ்சியது உரிமையியல் நீதிமன்றம்.

2.2 இரண்டு கோரிக்கைகள், இரண்டு முடிவுகள்

வேளாண்மை சாராத சொத்துகளையும், அதாவது ஹப்சிகுடா போன்ற பகுதிகளின் வீடுகளையும் மனைகளையும், தரணிக்குள் கொண்டுவர அரசு முயன்றது. ஆதார், சாதி போன்ற விவரங்களைக் கேட்பதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் வழக்குகள் தொடரப்பட்டன. தரணிக்காக 2020 செப்டம்பரில் நிறுத்தப்பட்ட பதிவுகள் மூன்று மாதம் முடங்கிக் கிடந்தன. டிசம்பரில் அரசு பின்வாங்கியது. 1998 முதல் புழக்கத்தில் இருந்த ‘கார்டு’ என்ற பழைய கணினி முறைக்கே நகரப் பதிவுகள் திரும்பின.

வேளாண் நிலத்தின் கதை வேறு. திருத்தக் கோரிக்கைகளுக்காகத் தளத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் புதிய மாட்யூல்கள் சேர்க்கப்பட்டன. அவற்றின் எண்ணிக்கை 30ஐத் தாண்டியது. எந்தப் பிழைக்கு எந்த மாட்யூல் என்று விவசாயிக்குப் புரியவில்லை. தவறானதில் விண்ணப்பித்தால் மனு தள்ளுபடி. பெரும்பாலான திருத்தங்களுக்கு மாவட்ட ஆட்சியரின் ஒப்புதல் தேவைப்பட்டது. 2024 தொடக்கத்தில் தேங்கிய விண்ணப்பங்கள் சுமார் 2.45 லட்சம். ஆட்சி மாறிய பிறகு, 2024 பிப்ரவரி இறுதியில் திருத்த அதிகாரம் தாசில்தார் வரை பகிரப்பட்டது. தனியார் நிறுவனம் நடத்திவந்த தளம் ஆண்டின் இறுதியில் தேசியத் தகவலியல் மையத்தின் கைக்கு மாறியது. 2025 ஏப்ரல் 14 அன்று, மேல்முறையீட்டுக்கு வழிசெய்யும் புதிய சட்டத்தோடு, தரணிக்குப் பதிலாக ‘பூ பாரதி’ தளம் தொடங்கப்பட்டது.

நகரவாசிக்குக் கிடைத்த மாற்றத்துக்குச் சில மாதங்கள் போதுமாயின; விவசாயிக்கு நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

3. எதிர்ப்பின் வகைகள்

3.1 பின்விளைவு அச்சம்

ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளில் ஒரு வரியைத் தொட்டால், தொடாத பத்து இடங்களில் கோளாறு வரலாம். 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் நிறுவனத்தில், எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய நிரலை ஏற்றாமல் விட்டார்கள். கைவிடப்பட்ட பழைய நிரல் அதில் உயிர்பெற்று, சுமார் 45 நிமிடங்களில் 44 கோடி டாலர் இழப்பை உண்டாக்கியது. இத்தகைய நிகழ்வுகளை அறிந்த நிரலாளர் “புரொடக்ஷனில் கை வைக்காதே” என்று சொல்வது சோம்பலால் அல்ல. மாற்றம் சரியாக அமைந்தால் அவரை யாரும் நினைப்பதில்லை. பிசகினால் நள்ளிரவு அழைப்பு அவருக்குத்தான்.

3.2 பழகியோரின் சுமை

பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976இல் எழுதிய ‘மேக்’ என்ற கருவியில், குறிப்பிட்ட வரிகள் டேப் குறியோடுதான் தொடங்க வேண்டும். இது தொல்லை என்று அவருக்கே தெரிந்தது. அதற்குள் ஏறத்தாழ ஒரு டஜன் நண்பர்கள் அதைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்குச் சிரமம் தரக் கூடாது என்று அப்படியே விட்டார். அதன் பிறகு வந்த லட்சக்கணக்கானோர் அந்த டேப்போடு இன்றும் மல்லுக்கட்டுகிறார்கள். இன்றைய பயனாளர் மேல் வைத்த கருணை நாளைய பயனாளருக்கு எதிர்ப்பாகிவிடுகிறது.

3.3 வடிவ ஒருமை

ஃப்ரெட் புரூக்ஸ் 1975இல் வெளியிட்ட ‘தி மித்திக்கல் மேன்-மந்த்’ நூலில், சிலரது சிந்தனையில் உருவான ஒருமையே நல்ல மென்பொருளின் முதன்மைக் குணம் என்று வாதிட்டார். கேட்பவர் கேட்டதையெல்லாம் சேர்த்தால் அந்த ஒருமை குலையும். தரணியின் மாட்யூல் பெருக்கமே சான்று. ஆனால் இதே வாதம் பிடிவாதத்துக்கும் கேடயமாகும். 2012 அக்டோபரில் வந்த விண்டோஸ் 8, ஸ்டார்ட் பொத்தானை நீக்கியது. எதிர்ப்பு வலுத்தபின் 2013இல் பொத்தான் திரும்பியது. 2015இல் விண்டோஸ் 10உடன் ஸ்டார்ட் மெனுவும் திரும்பியது.

3.4 ஒப்பந்தம்

ஹைதராபாத்தின் மென்பொருள் அலுவலகங்களில் அதிகம் புழங்கும் சொற்களில் ஒன்று ‘சி.ஆர்.’, அதாவது சேஞ்ச் ரிக்வெஸ்ட். ஒப்பந்தத் தொகை முன்பே நிர்ணயமாகியிருந்தால், ஒவ்வொரு மாற்றமும் நிறுவனத்தின் கையிருப்பைக் கடிக்கும். ஆகவே “இது ஸ்கோப்பில் இல்லை” என்ற பதில் தயாராக இருக்கும். கேட்பவர் பயனாளர், பணம் தருபவர் வேறொருவர் என்றால் சிக்கல் இரட்டிப்பாகும். அரசுத் தளங்கள் பெரும்பாலும் இந்த நிலையில்தான் இயங்குகின்றன.

3.5 கோரிக்கையின் குறை

பயனாளர் பெரும்பாலும் நோயைச் சொல்லாமல் மருந்தைச் சொல்கிறார். “இங்கே ஒரு பட்டன் வையுங்கள்” என்பது மருந்து. “இந்த வேலைக்கு நான்கு திரைகளைக் கடக்க வேண்டியிருக்கிறது” என்பது நோய். முன்னதை மறுப்பது எளிது. பின்னதை மறுக்க நிரலாளர் யோசித்தாக வேண்டும்.

4. வகைகளைத் தரணியோடு பொருத்துதல்

இந்த ஐந்தும் தரணியில் ஓரளவு இருந்திருக்கும். ஆனால் நகர–கிராம வேறுபாட்டை இவை விளக்கவில்லை. அதற்கு மூன்று காரணங்களைக் காண்கிறோம். முதலாவது, நகரப் பதிவுக்குப் பழைய முறை உயிரோடு இருந்தது. திரும்ப இடம் இருந்ததால் பின்வாங்கும் செலவு குறைந்தது. இரண்டாவது, அங்கே முடங்கிய ஒவ்வொரு நாளும் அரசுக்கு முத்திரைத்தாள் வருவாய் இழப்பு. விவசாயியின் பிழைத்திருத்தம் தாமதமானால் இழப்பு விவசாயிக்கு மட்டுமே. மூன்றாவது, நீதிமன்றம் அரசையே நேரடியாகக் கேள்வி கேட்டது. விவசாயியின் மனுவோ, தாசில்தாரிடமும் திரையிடமும் நின்றுவிட்டது. “சிஸ்டத்தில் வழி இல்லை” என்ற பதிலில் உண்மையில் பேசியது சட்டம்.

ஜி.எஸ்.டி. இதற்கு நல்ல ஒப்பீடு. 2017 ஜூலை 1 அன்று அமலான அந்த முறையில், விலைப்பட்டியல்களை ஒப்பிடும் படிவங்கள் வணிகர்களைத் திணறடித்தன. அதே நவம்பரில் குவாஹாட்டியில் கூடிய ஜி.எஸ்.டி. மன்றம் ஜி.எஸ்.டி.ஆர்.-2, 3 படிவங்களை நிறுத்திவைத்தது. ஐந்தே மாதத்தில் இது நடக்கக் காரணம், விதியை மாற்றும் அதிகாரமுள்ள அமைப்பு அடிக்கடி கூடியதும், அதில் மாநிலங்களின் குரல் இருந்ததும்தான்.

5. எதிர்வாதம்

நில ஆவணத்தை எளிதில் திருத்த முடியக் கூடாது என்பார்கள். நியாயமே. நினைத்தபோது அழித்தெழுதக்கூடிய பதிவேடு மோசடிக்கு வாசல். ஆனால் திருத்தத்தைக் கடினமாக்குவதும் திருத்தத்துக்கு வழியே வைக்காததும் ஒன்றாகா. யார், எப்போது, எந்த ஆதாரத்தின்பேரில் திருத்தினார் என்ற தடம் அழியாமல் இருந்தால், திருத்தம் பதிவேட்டின் நம்பகத்தை உயர்த்தும். எதிர்ப்பில் நியாயமான பங்கு இவ்வளவே: மாற்றத்துக்குச் சான்று கேட்கலாம், கதவை அடைக்கக் கூடாது.

6. முடிவும் பரிந்துரைகளும்

நிரலாளரின் மறுப்பு பெரும்பாலும் மேலிருந்து இறங்கிய மறுப்பின் கடைசிப் படி. எனவே அவருக்குப் பணிவு போதிப்பதால் பயன் குறைவு. மூன்று ஏற்பாடுகள் தேவை. ஒன்று, பொதுமக்களுக்கான எந்தத் தளமும் பிழைத்திருத்தத்துக்கும் மேல்முறையீட்டுக்கும் சட்டத்திலேயே வழி வைத்த பிறகே தொடங்கப்பட வேண்டும். இரண்டு, பயனாளர் கோரும் மாற்றங்களுக்கெனத் தனித்தொகை ஒப்பந்தத்தில் முதல் நாளே ஒதுக்கப்பட வேண்டும். மூன்று, பழைய முறையைப் புதியது நிலைபெறும்வரை மூடக் கூடாது. நகரப் பதிவுகளைக் காப்பாற்றியது அதுவே.

இவற்றைச் செய்யாமல் வெளியிடப்படும் தளம் எவ்வளவு வேகமாக இயங்கினாலும் முழுமையற்றதே. பூ பாரதியையும் இனி வரும் தளங்களையும் இந்த அளவுகோலால்தான் மதிப்பிட வேண்டும்.