கரைக்காரரும் கயாக்காரரும்

வாஷிங்டன் மாநிலத்தில் விட்பி என்றொரு தீவு. செப்டம்பர் முதல் திங்களன்று வரும் தொழிலாளர் தின விடுமுறையை ஒட்டி அங்கே கூடாரம் போட வருகிறவர்களில் மீன்பித்துப் பிடித்தவர்கள் இரண்டு கட்சி. ஒரு கட்சி மார்புவரை ஏறும் ரப்பர் உடுப்போடு கூழாங்கல் கரையில் வரிசையாக நின்று தூண்டில் வீசும். மற்றது காரின் கூரையில் கயாக்கைக் கட்டிக்கொண்டு வந்து, துடுப்புப் போட்டுக்கொண்டே சால்மன் பிடிக்கப் பார்க்கும். கயாக்காரர்களுக்குக் கரைக்காரர்கள்மேல் கொஞ்சம் இளக்காரம் உண்டு. மீன் இருக்கும் இடத்துக்கு நாங்கள் போகிறோம், நீங்கள் மீன் வரட்டும் என்று நிற்கிறீர்கள் என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் விட்பியின் மேற்குக் கரையில் அந்த நியாயம் செல்லாது.

காரணம் நில அமைப்பு. பசிபிக்கிலிருந்து உள்ளே வரும் சால்மன், பியூஜெட் சவுண்ட் என்ற உள்கடலில் விழும் ஆறுகளை அடைய, பெரும்பாலும் அட்மிரால்டி இன்லெட் என்ற குறுகலான கடல்வாயைக் கடந்தாக வேண்டும். விட்பியின் மேற்குக் கரைதான் அந்த வாயின் ஒரு பக்கச் சுவர். புஷ் பாயின்ட், லகூன் பாயின்ட் போன்ற முனைகளில் கரையிலிருந்து சில அடிகளிலேயே தரை சரிந்து ஆழமாகிவிடுகிறது. நடுவாயில் நீர் இழுக்கும் இழுப்பில் எதிர்நீச்சல் போட மீனுக்கும் பைத்தியம் இல்லை. முனைகளின் மறைவில் நீர் சுழித்துத் தளரும் இடமாகப் பார்த்து, கரையை உரசிக்கொண்டு போகிறது. பிங்க் சால்மனுக்கு இந்தப் பழக்கம் அதிகம். அதனால் நாற்பது ஐம்பது மீட்டர் வீசத் தெரிந்தவருக்குப் படகே தேவையில்லை. கயாக்காரர் பல வேளைகளில் மீனைத் தாண்டி நடுக்கடலில் போய் உட்கார்ந்துகொண்டு மீனைத் தேடுகிறார்.

பிங்க் சால்மனின் ஆயுள் சரியாக இரண்டு ஆண்டு. பியூஜெட் சவுண்டில் அது ஒற்றைப்படை ஆண்டுகளில்தான் திரளாக வரும். இரட்டைப்படை ஆண்டில் பேருக்குக்கூட அரிது. ஆறு நெருங்கும்போது ஆண்மீனுக்கு முதுகு புடைத்துக்கொள்வதால் ஊரில் அதற்கு ‘ஹம்பி’ என்று பெயர். ஆகஸ்டில் ஹம்பி குவியும். தொழிலாளர் தினம் நெருங்கும்போது அது ஓயத் தொடங்க, கோஹோ என்ற இன்னொரு சால்மன் தலைகாட்டும். இரண்டும் கலந்து கிடைக்கும் அந்த மூன்று நாளுக்குத்தான் இத்தனை கூட்டம்.

கரைக்காரரின் சாமான் மிகக் குறைவு. எட்டு ஒன்பது அடிக் கோல், சுழல்சக்கரம், இளஞ்சிவப்பு ‘பஸ் பாம்’ ஒன்று. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பிறந்த இந்த உலோகத் துண்டு நூலில் வழுக்கி ஓடும். கோலைத் தூக்கித் தளர்த்தும்போது சுழன்றபடி கீழே இறங்கும். மீன் பெரும்பாலும் அது இறங்கும்போதுதான் கவ்வுகிறது. கொக்கியில் முள் இருக்கக் கூடாது என்பது சட்டம், ஆகவே நூல் ஒரு கணம் தளர்ந்தாலும் மீன் போச்சு. இதற்கெல்லாம் மேலே வரிசையின் ஒழுங்கு ஒன்று உண்டு. நேராக வீச வேண்டும். ஒருவர் ‘மீன்’ என்று கத்தினால் பக்கத்திலிருப்பவர்கள் தங்கள் நூலைச் சுருட்டி வழிவிட வேண்டும். வீசத் தெரியாமல் குறுக்கே நூல் போடுகிறவருக்குக் கிடைக்கும் பார்வையைக் கடற்சிங்கங்கள்கூடத் தாங்காது.

இனி நீரோட்டம். அட்மிரால்டி இன்லெட்டில் ஓதம் முழுவீச்சில் ஓடும்போது வேகம் மணிக்கு 4 கடல் மைலைத் தாண்டும். பழகிய ஆள் கயாக்கை நாள் முழுக்கத் தள்ளும் வேகம் ஏறக்குறைய 3 கடல் மைல். மிச்சத்தை நீங்களே கழித்துப் பாருங்கள். விட்பியின் கூப்வில் துறைக்கும் போர்ட் டவுன்சென்டுக்கும் இடையே ஓடும் அரசாங்க ஃபெர்ரியே, துறைவாய் குறுகல் என்பதால், இழுப்புக் கடுமையான வேளைகளில் பயணத்தை ரத்து செய்துவிடுகிறது. கார்களை ஏற்றிச் செல்லும் கப்பல் தயங்கும் நீரில், ஒரு கையில் கோலும் ஒரு கையில் துடுப்புமாக ஒருவர் என்ன செய்வார்? கோடையின் முடிவிலும் இந்த நீர் ஏறக்குறைய 12 பாகை செல்சியஸ்தான். கவிழ்ந்தால் முதலில் மூச்சு திணறும், பிறகு விரல்கள் மரத்துப்போகும். கரையில் நல்ல வெயில் என்று சட்டையோடு இறங்குவது சுத்த மடத்தனம்.

கயாக்காரரின் இன்னொரு தலைவலியைப் பலரும் யோசிப்பதில்லை. வைத்துக்கொள்ளக் கூடாத சால்மனைப் படகுக்குள் ஏற்றுவதே வாஷிங்டனில் குற்றம். எந்த இனம், குஞ்சுப் பண்ணை மீனா காட்டு மீனா என்பதையெல்லாம் மீன் தண்ணீரில் இருக்கும்போதே கண்டுகொள்ள வேண்டும். பண்ணை மீன் என்றால் முதுகின் பின்பக்கச் சிறு துடுப்பு வெட்டப்பட்டிருக்கும். ஹம்பிக்கு வாலில் பெரிய முட்டை வடிவக் கரும்புள்ளிகள். சினூக் சால்மனுக்கு ஈறு கறுப்பு. முழங்கால் நீரில் நின்று மீனை வலைக்குள் பிடித்து வைத்துக்கொண்டு பார்ப்பது ஒன்று. ஆடும் கயாக்கின் விளிம்பில் சாய்ந்து, துள்ளும் மீனின் ஈறைத் தேடுவது வேறொன்று.

அப்படியானால் கயாக் வீணா? இல்லை. கோஹோ கரையை அவ்வளவாக மதிப்பதில்லை. இரண்டு ஓட்டங்கள் மோதி நுரையும் பாசியும் கோடாகச் சேரும் இடங்களில், கரையிலிருந்து எட்டாத தூரத்தில் அது இரை தேடும். அங்கே கயாக்காரர் கை ஓங்கும். ஓதம் மாறுமுன் நீர் சற்று நிற்கும் வேளையில் போய்விட்டு, மாறுவதற்குள் திரும்பத் தெரிந்திருந்தால் போதும். அதைவிட, மீனை மறந்துவிட்டால் கயாக் தரும் வாரயிறுதியே வேறு. 1993-இல் தொடங்கிய கஸ்கேடியா மரைன் டிரெய்ல் என்ற கடற்பாதையில், மோட்டார் இல்லாமல் கடல்வழி வருகிறவர்களுக்கென்றே கூடார இடங்கள் இருக்கின்றன. கிழக்குப் பக்கம் பென் கோவ் என்ற குடாவில் சிப்பி வளர்க்கும் மிதவைகளைச் சுற்றித் துடுப்புப் போடலாம். நடுவாயின் மூர்க்கம் அங்கே கிடையாது.

துரத்துவதா, காத்திருப்பதா என்ற இந்தச் சண்டை இக்கடலோரப் பழங்குடிகளான கோஸ்ட் சேலிஷ் மக்களுக்குப் புதிதாக இருந்திருக்காது. அவர்கள் இரண்டு தோணிகளை மீன் வரும் பாதையில் நங்கூரமிட்டு, நடுவே வலையைக் கட்டி, ஓதம் மீனைக் கொண்டுவரும்வரை காத்திருந்தார்கள். தோணியில் ஏறியும் காத்திருக்கலாம் என்று கண்டவர்கள். லம்மி தீவில் அந்த முறை இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அமெரிக்க அரசோடு செய்த 1855 ஒப்பந்தங்கள் மீன்பிடிப்பில் அவர்களுக்கு உறுதிசெய்த பங்கு பாதி என்று நீதிபதி போல்ட் 1974-இல் தீர்ப்பளித்தார். இன்று பழங்குடிகளும் மாநிலமும் சேர்ந்தே ஆண்டுதோறும் பருவத்தை முடிவுசெய்கின்றன. கரைக்காரருக்கும் கயாக்காரருக்கும் மீனுண்டா என்பது அந்தப் பேச்சில்தான் தீரும்.

நான் கரைக் கட்சி. அதற்கு ஒரு சமையல் காரணமும் இருக்கிறது. ஹம்பியின் சதை மிருது. பிடித்த உடனே செவுளை அறுத்து இரத்தம் வடித்துப் பனிக்கட்டியில் போடாவிட்டால் மதியத்துக்குள் குழைந்துவிடும். கரையில் பெட்டி பக்கத்திலேயே இருக்கும். கயாக்கில் பனிக்கட்டிப் பெட்டிக்கு இடம் வைத்தால் காலுக்கு இடம் இல்லை. ஃபோர்ட் கேசி முகாமில், ஃபெர்ரித் துறைக்குப் பக்கத்திலேயே, கூடாரத்திலிருந்து நடந்துபோய்த் தூண்டில் வீசலாம். மாநிலப் பூங்காக்களில் இடம் ஒன்பது மாதம் முன்பே பதிவுக்குத் திறந்துவிடும் என்பதால், ஒற்றைப்படை ஆண்டின் செப்டம்பருக்கு முந்தைய டிசம்பரிலேயே முடிவுசெய்ய வேண்டும்.