மண்ணில் காத்திருந்த பூச்சி



யோனாவுக்கு நிழலாயிருந்த ஆமணக்குச் செடியை ஒரே இரவில் பட்டுப்போகச் செய்த பூச்சியை நாம் அறிவோம். அதற்கொப்பான ஒரு சரித்திரம் நம் நீலகிரியிலும் நடந்தது.

கோயம்புத்தூர் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் 1819-ஆம் ஆண்டில் அம்மலைக்கு ஏறிச் சென்றார். அவர் காலத்தில் அங்கே உருளைக்கிழங்கு வேரூன்றியது. கேழ்வரகும் சாமையும் விதைத்துவந்த படுகர் மக்கள் நாளடைவில் அதைத் தங்கள் பணப்பயிராக்கினர். நீர்போகம், கார்போகம், கடைபோகம் என ஆண்டுக்கு மூன்று நடவு. ஒரு போகத்தின் கிழங்கே மற்றொரு போகத்திற்கு விதையாயிற்று. மிஞ்சியது மூட்டைகளாக மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கியது.

அயர்லாந்தின் ஏழைகளுக்கோ ஆண்டுக்கு ஒரே அறுவடை. புல்தரையை இருபுறமும் வெட்டிக் கவிழ்த்து மேட்டுப்பாத்தி அமைப்பார்கள். தோண்டிய கிழங்கை வயலிலேயே குவித்து, வைக்கோல் பரப்பி, மண்ணால் மூடிவைப்பார்கள். அது கோடை வரைக்கும் தாங்கும். புதுக்கிழங்கு வரும்வரை பசிதான். தானியத்தைப்போல் கிழங்கைப் பல ஆண்டுகள் சேர்த்துவைக்க இயலாது. யோசேப்பின் களஞ்சியம் அங்கே கூடாத காரியம். 1845-இல் கருகல் நோய் வந்தபோது, குவியலுக்குள் இருந்தவையும் அழுகின. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மாண்டனர். அவர்களுக்காக முதன்முதலில் நிதி திரட்டிய ஊர்களில் நம் கல்கத்தாவும் ஒன்று என்பது பலர் அறியாத செய்தி.

நீலகிரியில் பஞ்சம் வரவில்லை. ஆனால் வயல்களில் ஆங்காங்கே செடிகள் மஞ்சளாகிக் குன்றின. 1961-இல் ஜோன்ஸ் என்னும் ஆங்கிலேய அறிஞர் காரணத்தைக் கண்டார்: வேரை உண்ணும் நூற்புழு. கடுகினும் சிறிய கூட்டுக்குள் நூற்றுக்கணக்கான முட்டைகள்; இருபது ஆண்டுகள்கூட மண்ணில் உயிரோடிருக்கும். விதைக்கிழங்கில் ஒட்டிய மண்ணோடு அது வயல்விட்டு வயல் பரவியது. பின்னர், நீலகிரி விதைக்கிழங்கு வெளியிடங்களுக்குச் செல்லத் தடை வந்தது.

அநேகர் தேயிலைக்கு மாறினர். 1990-களின் இறுதியில் பச்சைத் தேயிலையின் விலையும் வீழ்ந்தது. தறி ஒன்றையே நம்பும் சேவூர்ப் பட்டு நெசவாளர் வீடுகளுக்கு இந்தத் துயரத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

1985-இல் அப்புழுவைத் தாங்கி விளையும் குஃப்ரி ஸ்வர்ணா ரகம் வெளிவந்தது. ஆயினும் முட்டைகள் மண்ணில் உறங்குகின்றன. கிழங்குச் செடியின் வேர்நீர் பட்டால் விழித்துக்கொள்ளும். அதனால் விவசாயிகள் கேரட், முட்டைக்கோசு, முள்ளங்கி என மாற்றி மாற்றிப் பயிரிட்டு, நிலத்தைச் சில ஆண்டுகள் கிழங்கில்லாமல் காத்திருக்கச் செய்கிறார்கள்.