காந்தம் மாற்றிய நீல ஒளி

படிகத்துள் மூலக்கூறு விட்டு மூலக்கூறு பெயரும் கிளர்ச்சியே எக்சிட்டான். இக்கருத்தினை 1931இல் வகுத்தவர் சோவியத் அறிஞர் பிரெங்கல். எலக்ட்ரான் இரண்டின் தற்சுழற்சி ஒருதிசைப்பட்டது மும்மைநிலை, எதிர்ப்பட்டது ஒற்றைநிலை. ஆந்திரசீன் படிகத்தில் மும்மை எக்சிட்டான்கள் இரண்டு மோதி ஒற்றைநிலை பிறக்குங்கால், தாமதித்து நீல ஒளி தோன்றும்.

அறைவெப்பத்தின் ஆற்றலுக்குமுன் காந்தம் தரும் ஆற்றல் மிகச் சிறிது. ஆதலின் அஃது இவ்வொளியை மாற்றாது என எண்ணுதல் இயல்பே. ஆயின் 1967இல் அமெரிக்க டூபாண்ட் நிறுவனத்தின் ஜான்சன், மெரிஃபீல்டு முதலியோர் கண்டது வேறு. சிறுபுலத்தில் ஒளி சற்றே மிகுந்தது; புலம் வலுக்க, இயல்பினும் குறைந்தது. மோதும் இணைக்குரிய ஒன்பது தற்சுழற்சி நிலைகளுள் எத்தனையில் ஒற்றைத்தன்மை பரவும் என்பதையே காந்தம் மாற்றுகிறது என்று 1968இல் மெரிஃபீல்டு விளக்கினார். ஓர் ஒற்றை எக்சிட்டான் இரு மும்மைகளாகப் பிளத்தலைச் சூரிய மின்கல ஆய்வாளர் இன்று இனங்காணுதற்கும் இக்காந்தச் சோதனை துணைநிற்கிறது.