சைலன்சர் பூட்டினால் துப்பாக்கி ஊமையாகிவிடுமா?
.22 துப்பாக்கிகளின் ஓசையும் நம் காதுகளும்

பினாங்கு, ஜார்ஜ்டவுனில் ஆயர் ஈத்தாம் பக்கம் போகும் பேருந்தில் ஏறி, 'ரைஃபிள் ரேஞ்ச்' என்று சொன்னால் போதும், இறங்க வேண்டிய இடம் எதுவென்று எல்லாருக்கும் தெரியும். மலாய் மொழியில் அதற்குப் பாடாங் தெம்பாக் என்று பெயர். 'சுடும் திடல்' என்பது அதன் நேர்ப்பொருள். 1960களின் இறுதியில் அங்கே அடுக்குமாடி வீடுகள் எழுவதற்கு முன்னால், அது துப்பாக்கிப் பயிற்சி நடந்த இடம். இன்று அங்கே கேட்பது மோட்டார் சைக்கிள் சத்தமும் பிள்ளைகளின் கூச்சலும்தான். துப்பாக்கி போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

துப்பாக்கியைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரிந்ததெல்லாம் திரைப்படம் கற்றுக் கொடுத்ததுதான். வில்லன் குழலின் முனையில் ஒரு சிறு உருளையைத் திருகுவான். 'புஸ்' என்று ஒரு சத்தம் வரும். பக்கத்து அறையில் இருப்பவருக்குக்கூடக் கேட்காது. உண்மையில் அப்படி நடக்குமா? ஒவ்வொரு முறையும் கையால் தாழைத் திறந்து மூடிச் சுடும் 'போல்ட் ஆக்‌ஷன்' துப்பாக்கிக்கும், தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் 'செமி ஆட்டோமேட்டிக்' துப்பாக்கிக்கும் சைலன்சர் பூட்டினால் எது அதிகச் சத்தம் போடும்? இந்தக் கேள்விக்கான பதில், துப்பாக்கியைத் தொட்டே பார்க்காதவர்களுக்கும் ஒரு பாடம் வைத்திருக்கிறது. அது காதைப் பற்றிய பாடம்.

சின்னத் தோட்டா, பெரிய பரம்பரை

'.22 லாங் ரைஃபிள்' என்பது உலகில் மிகப் பரவலாகப் பயன்படும் தோட்டாக்களில் ஒன்று. 1887-இல் அமெரிக்காவில் அறிமுகமானது. குண்டின் எடை ஏறத்தாழ 2.6 கிராம்தான். இதனை 'ரிம்ஃபயர்' வகை என்பார்கள். தீப்பற்றவைக்கும் மருந்து தோட்டாக் கூட்டின் அடிவிளிம்புக்குள் இருக்கும். துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பில் அடித்தால் வெடிமருந்து பற்றிக்கொள்ளும். ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைஃபிள் போட்டிகள் இந்தத் தோட்டாவில்தான் நடக்கின்றன. பல நாடுகளில் முயல், எலி போன்ற சிறு பிராணிகளைக் கட்டுப்படுத்த விவசாயிகள் பயன்படுத்துவதும் இதைத்தான்.

சத்தம் ஒன்றல்ல, நான்கு

துப்பாக்கி வெடிக்கும்போது நம் காதில் விழுவது ஒரே சத்தம் போலத் தோன்றினாலும், அதில் நான்கு சத்தங்கள் கலந்திருக்கின்றன.

முதலாவது, குழலின் வாயிலிருந்து பீறிடும் வாயுவின் வெடிப்பு. சோடா போத்தலின் மூடியைத் திறந்ததும் வரும் சத்தத்தைப் பல மடங்கு பெருக்கிப் பார்த்தால் இது புரியும்.

இரண்டாவது, குண்டு ஒலியைவிட வேகமாகப் பறந்தால் காற்றில் எழும் 'சட்டீர்' என்ற ஒலி. சாட்டையின் நுனி எழுப்பும் ஒலியும் இதே வகைதான்.

மூன்றாவது, துப்பாக்கியின் உள்ளே இரும்பும் இரும்பும் மோதும் சத்தம்.

நான்காவது, குண்டு போய் இலக்கில் படும் சத்தம்.

சைலன்சரால் அடக்க முடிவது இந்த நான்கில் முதலாவதை மட்டுமே. மற்ற மூன்றும் அதன் கைக்கு எட்டாதவை. திரைப்படம் மறைத்துவிட்ட உண்மை இதுதான்.

மோட்டாருக்கும் துப்பாக்கிக்கும் ஒரே வைத்தியம்

சைலன்சரை முதன்முதலில் வெற்றிகரமாக விற்பனைக்குக் கொண்டு வந்தவர் அமெரிக்கப் பொறியாளர் ஹிராம் பெர்சி மேக்சிம். 1909-இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்து, அதன் சத்தத்தாலேயே செவித்திறனை இழந்த சர் ஹிராம் மேக்சிமின் மகன் அவர். தந்தை உலகுக்குக் கொடுத்த சத்தத்தை மகன் குறைக்கப் பார்த்தார் என்று சொல்லலாம். இயந்திரங்களின் புகைபோக்கிச் சத்தத்தைக் குறைக்கும் கருவிகளிலும் அவர் ஈடுபட்டார்.

இரண்டின் தத்துவமும் ஒன்றுதான். சூடாகவும் அழுத்தத்தோடும் வரும் வாயு ஒரேயடியாக வெளியே பாயாமல், உள்ளே விரிந்து, ஆறி, மெதுவாக வெளியேற இடம் கொடுப்பது. நம் ஊரில் சில இளைஞர்கள் மோட்டார் சைக்கிளின் 'எக்சோஸ்'ஸை மாற்றிவிட்டு இரவில் ஓட்டும்போது என்ன நடக்கிறதோ, அதன் நேர் எதிர்தான் சைலன்சர். ஆனால் எக்சோஸ் பூட்டிய மோட்டாரும் ஓசையில்லாமல் ஓடுவதில்லையே! துப்பாக்கியும் அப்படித்தான்.

கையால் திறப்பதும் தானாகத் திறப்பதும்

இப்போது ஒப்பீட்டுக்கு வருவோம்.

போல்ட் ஆக்‌ஷன் துப்பாக்கியில், சுடுபவர் கையால் திறக்கும்வரை பின்பக்கம் இறுக மூடியே இருக்கும். வாயு வெளியேற முன்பக்கம் மட்டுமே வழி. அந்த வழியில் சைலன்சர் காவல் நிற்கிறது. குண்டு போன பிறகு சுடுபவர் ஆற அமரத் தாழைத் திறக்கலாம், திறக்காமலும் இருக்கலாம். வெடிக்கும் நொடியில் உள்ளே இரும்பு அசைவது மிகக் குறைவு.

செமி ஆட்டோமேட்டிக் .22 துப்பாக்கிகளில் பெரும்பாலானவை 'புளோபேக்' முறையில் இயங்குபவை. 1964-இல் வெளிவந்த ரூகர் 10/22 இதற்குப் பேர்போன எடுத்துக்காட்டு. இதில் பின்பக்கம் பூட்டப்படுவதில்லை. கனமான இரும்புத் துண்டும் ஒரு சுருள்வில்லும் மட்டுமே அதை மூடி வைத்திருக்கின்றன. வெடித்ததும் வாயுவின் அழுத்தமே அந்த இரும்பைப் பின்னுக்குத் தள்ளி, காலிக் கூட்டை வெளியே எறிந்து, புதிய தோட்டாவை ஏற்றுகிறது.

இதனால் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. இரும்பு பின்னால் போய் முன்னால் வந்து அடிக்கும் 'சடக்' ஒலி ஒன்று. மிச்ச வாயுவில் ஒரு பகுதி பக்கவாட்டுத் திறப்பின் வழியே சுடுபவரின் முகத்தருகே கசிவது மற்றொன்று. சைலன்சர் வாயுவை உள்ளே சற்று நேரம் பிடித்து வைப்பதால், இந்தக் கசிவு குறையாமல் கூடவே செய்யும். முன்கதவை அடைத்தால் புகை பின்கதவு வழியாக வரும் கதைதான்.

ஆகவே, ஒரே நீளக் குழல், ஒரே சைலன்சர், ஒரே தோட்டா என்று வைத்துக்கொண்டால், போல்ட் ஆக்‌ஷன்தான் அடக்கமானது. ஆனால் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்குமானது அல்ல. குழலின் வாயருகே அளந்தால் அது சில டெசிபலுக்குள் அடங்கிவிடும். சுடுபவரின் காதருகே அது சற்றுக் கூடுதலாகத் தெரியும். ஐம்பது மீட்டர் தள்ளி நிற்பவருக்கோ பெரும்பாலும் தெரியாது.

தோட்டாவின் வேகமே தலைமைக் காரணம்

துப்பாக்கி எந்த வகை என்பதைவிட முக்கியமானது தோட்டாவின் வேகம். 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில், அதாவது பினாங்கின் சாதாரணப் பகற்பொழுதில், ஒலி நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் போகும். உறைபனிக் குளிரில் அது 331 மீட்டராகக் குறையும். அதிவேக .22 தோட்டாக்கள் நொடிக்கு 370 மீட்டருக்கு மேல் பாய்பவை. அவற்றைச் சுட்டால், எவ்வளவு நல்ல சைலன்சர் இருந்தாலும் காற்றைக் கிழிக்கும் அந்தச் 'சட்டீர்' ஒலி வந்தே தீரும். நொடிக்கு 320 மீட்டர் அளவில் போகும் மெதுவான தோட்டாவில் அது எழாது.

இங்கே செமி ஆட்டோமேட்டிக்குக்கு இன்னொரு சிக்கல். மெதுவான தோட்டா சில துப்பாக்கிகளில் அந்த இரும்பைப் பின்னுக்குத் தள்ளப் போதுமான உந்துதல் தராது, இடையில் சிக்கிக்கொள்ளும். கையால் இயக்கும் துப்பாக்கிக்கு அந்தக் கவலையே இல்லை.

எண்கள் சொல்வது என்ன?

சைலன்சர் இல்லாத .22 ரைஃபிளின் சத்தம் குழலின் வாயருகே ஏறத்தாழ 140 டெசிபல். நல்ல சைலன்சரும் மெதுவான தோட்டாவும் சேர்ந்தால் அது 115 முதல் 120 டெசிபல் வரை இறங்கலாம். வேட்டைக்குப் பயன்படும் ஷாட்கன் 150 டெசிபலைத் தாண்டும்.

டெசிபல் கணக்கு நாம் கடையில் போடும் கூட்டல் கணக்கு அல்ல. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு கூடுகிறது. 20 டெசிபல் கூடினால் நூறு மடங்கு. எனவே 140-இலிருந்து 120-க்கு இறங்குவது பெரிய இறக்கம். ஆயினும் 120 டெசிபல் என்பது எந்த வகையிலும் மௌனம் அல்ல. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். துப்பாக்கிச் சத்தம் நொடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரமே நீடிக்கும். கைத்தொலைபேசிச் செயலிகளால் அதன் உச்சத்தைப் பிடிக்க முடியாது. அவை காட்டும் குறைந்த எண்ணை நம்பி ஏமாறக்கூடாது.

மலாயாக் காட்டில் ஒரு மௌனத் துப்பாக்கி

இந்த ஒப்பீடு நம் மண்ணின் வரலாற்றிலும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது வில்லியம் காட்ஃப்ரே டி லைல் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், முதலில் .22 தோட்டாவுக்கு ஒரு மௌனத் துப்பாக்கியைச் செய்து பார்த்தார். பின்னர் ராணுவத்திற்காக அதையே .45 கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு மாற்றினார். அந்தத் தோட்டா இயல்பாகவே ஒலியைவிட மெதுவானது. இயக்கத்திற்கு அவர் தேர்ந்தெடுத்தது லீ என்ஃபீல்டு ரைஃபிளின் போல்ட் ஆக்‌ஷன் முறை. காரணம் மேலே சொன்னதுதான். சுட்ட சத்தத்தைவிட, அடுத்த தோட்டாவுக்காகத் தாழைத் திறந்து மூடும் சத்தமே பெரிதாக இருந்ததாம். ஏறத்தாழ 130 மட்டுமே செய்யப்பட்ட அந்த 'டி லைல் கார்பைன்', 1948 முதல் 1960 வரை நீடித்த மலாயா அவசரகாலத்திலும் பயன்பட்டது.

அவசரகாலம் என்றாலே நம் தோட்டப்புறத்து மூத்தவர்களின் நினைவுக்கு வருவது முள்வேலியும் ஊரடங்கும் சோதனையும்தான். ஆயுதம் வைத்திருப்பதே உயிரை விலையாகக் கேட்ட காலம் அது. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்த குற்றச்சாட்டின் பேரில் 1949 மே 4-ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார் என்பது இங்கே நினைவுகூரத்தக்கது.

இன்றைய சட்டம்

மலேசியாவில் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, உரிமம் இல்லாமல் எந்தத் துப்பாக்கியையும் வைத்திருக்க முடியாது. காற்றுத் துப்பாக்கியும் இதில் அடக்கம். துப்பாக்கியின் சத்தத்தைக் குறைக்கும் துணைக்கருவியும் இந்தச் சட்டத்தின் பார்வையில் 'ஆயுதம்' என்ற சொல்லுக்குள்ளேயே வருகிறது. 1971-ஆம் ஆண்டு சுடும் ஆயுதங்கள் (கூடுதல் தண்டனைகள்) சட்டத்தின் கீழ், சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டுகள் வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் விதிக்கப்படலாம். செம்பனைத் தோட்டத்தில் காட்டுப்பன்றித் தொல்லை என்றாலும், இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்றாலும், இந்த விதிக்கு விலக்கு இல்லை. பின்லாந்து, நார்வே, நியூசிலாந்து போன்ற நாடுகளில் வேட்டைக்காரர்கள் காதைக் காக்கச் சைலன்சரைச் சாதாரணமாகப் பயன்படுத்துகிறார்கள். அது அந்த நாட்டுச் சட்டம்; நம் நாட்டுக்குப் பொருந்தாது.

காது ஒருமுறை போனால்…

நம் நாட்டில் காதைக் காக்கும் வழி வேறு. 2019-ஆம் ஆண்டு வேலையிட இரைச்சல் விதிமுறைகள் நாளொன்றுக்குச் சராசரி 85 டெசிபல் என்ற எல்லையை வகுத்துள்ளன. திடீரென வெடிக்கும் சத்தத்திற்கு உச்ச வரம்பு 140 டெசிபல். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கும் காதுக்கு, 88 டெசிபலில் நான்கு மணி நேரமே கணக்கு. மூன்று டெசிபல் கூடக்கூட நேரம் பாதியாகும்.

புல்வெட்டும் இயந்திரம், மரம் அறுக்கும் இயந்திரம், செம்பனை ஆலை, பினாங்கின் தொழிற்சாலைக் கூடங்கள் என்று நம்மவர்கள் உழைக்கும் இடங்களில் பல இந்த எல்லையைத் தாண்டுபவை. காவல் பணியில் இருப்போரும் சுடும் பயிற்சி பெறுவோரும் ஒரே வெடியில் உச்ச வரம்பைத் தொட்டுவிடலாம். தீபாவளிக்குக் கைக்கெட்டும் தூரத்தில் வெடிக்கும் பட்டாசும் இதே கணக்கில்தான் வரும்.

உட்காதில் இருக்கும் நுண்மயிர்ச் செல்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. வலி இல்லாமலே அவை அழியும். சத்தம் ஓய்ந்த பின்னும் காதில் ரீங்காரம் கேட்பது, சந்தடியில் பேச்சு பிடிபடாமல் போவது, வீட்டில் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவது ஆகியவை முதல் எச்சரிக்கைகள். இத்தகையவர்கள் செவித்திறன் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. வேலையிட இரைச்சலால் ஏற்படும் செவித்திறன் இழப்பு, சொக்சோ ஏற்கும் தொழில்சார் நோய்களில் ஒன்று. வேலைக்குச் சேர்ந்த காலத்துப் பரிசோதனை அறிக்கையைப் பத்திரப்படுத்தி வைத்தால், பின்னாளில் கோரிக்கை வைக்கும்போது அது கைகொடுக்கும்.

நுரையால் ஆன காதடைப்பானை உருட்டி, காதை மேல்நோக்கி இழுத்துப் பிடித்துச் செருகினால் அது சரியாகப் பொருந்தும். சுடும் திடலில் அதன் மேல் காதுமூடியையும் அணிவது வழக்கம். சைலன்சர் பூட்டிய துப்பாக்கி என்பதற்காக இவற்றைக் கழற்றிவிடக்கூடாது. போல்ட் ஆக்‌ஷனா, செமி ஆட்டோமேட்டிக்கா என்ற சில டெசிபல் வித்தியாசத்தைவிட, காதடைப்பான் உண்டா இல்லையா என்ற வித்தியாசமே பெரிது. அதன் விலையோ சில ரிங்கிட்தான்.