மைலேஜ் ரன்: பாயின்ட்ஸுக்காகவே விமானத்தில் பறப்பது லாபமா?

சிங்கப்பூரில் வேலை இல்லை, சொந்தக்காரர் வீட்டு விசேஷமும் இல்லை. ஆனாலும் போய் இறங்கி, அடுத்த ஃபிளைட்டிலேயே திரும்புகிறார் ஒருவர். எதுக்கு? மைல்களுக்காக! இதற்குப் பெயர்தான் 'மைலேஜ் ரன்'.

எப்படி வந்தது இந்தப் பழக்கம்?

1981-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 'அட்வான்டேஜ்' திட்டத்தைத் தொடங்கியது. பறந்த தூரத்துக்கு மைல்கள் கிடைத்ததால், மலிவான டிக்கெட்டில் தூரமாகப் பறந்தவர்களுக்குக் கொண்டாட்டம்.

இப்போது என்ன மாற்றம்?

2015-ல் டெல்டா, யுனைடெட், 2016-ல் அமெரிக்கன் என வரிசையாக, கொடுத்த பணத்துக்கே மைல் என்று மாற்றின. ஏர் இந்தியாவும் 2024-ல் அதே வழிக்கு வந்தது. அங்கெல்லாம் மலிவு டிக்கெட் வித்தை பலிக்காது.

கணக்கு போட்டுப் பார்க்கலாமா?

சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையரில் தூரக் கணக்கு இன்னும் இருக்கிறது. கோல்டு அந்தஸ்துக்கு 12 மாதத்தில் 50,000 எலைட் மைல்கள் வேண்டும். சென்னை–சிங்கப்பூர் ஒரு வழி சுமார் 1,800 மைல். பாதி மைல்கள் மட்டுமே தரும் மலிவு டிக்கெட் என்றால், போய்வர 1,800 மைல்கள்தான். டிக்கெட் 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கோல்டுக்கு 28 முறை போய்வர வேண்டும், செலவு 5.6 லட்சம்!

மைல்களை மட்டும் பார்த்தால்? ஒரு மைலை ஒரு ரூபாயாக மதிப்பிட்டாலும், 20,000 செலவுக்கு 1,800 ரூபாய்தான் திரும்புகிறது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதைதான்.

யாருக்கு லாபம்?

வேலைக்காக அடிக்கடி பறப்பவர், ஏற்கெனவே 47,000 சேர்த்துவிட்டார். கெடு முடியப் போகிறது. இன்னும் 2 டிரிப், 40,000 ரூபாயில் கோல்டு கிடைத்துவிடும். லவுஞ்ச், கூடுதல் லக்கேஜ், முன்னுரிமை போர்டிங் என்ற சலுகைகளை அடுத்த ஆண்டு முழுக்கப் பயன்படுத்துவார் என்றால் யோசிக்கலாம். வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வருபவருக்கு அது வீண் செலவு.

புக் செய்யும் முன்...

* உங்கள் டிக்கெட் வகைக்கு எத்தனை சதவீத மைல் என்று பாருங்கள். சில சலுகை டிக்கெட்டுகளுக்கு ஒன்றுமே கிடைக்காது.

* பரிசு மைல், எலைட் மைல் இரண்டும் வேறு. எலைட் மைலைக் கொடுத்து டிக்கெட் வாங்க முடியாது.

* மைல்களுக்கும் காலாவதி உண்டு. கிரிஸ்ஃபிளையரில் 3 ஆண்டுகள்.

* லீவு, தூக்கம், ஏர்போர்ட் சாப்பாட்டுச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

மொத்தத்தில், எப்படியும் போக வேண்டிய பயணத்தில் மைல் சேர்ப்பது புத்திசாலித்தனம். மைலுக்காகவே பயணம் போவது, பெரும்பாலானவர்களுக்குக் கையைக் கடிக்கும்.