'முடிவானது' என்ற ஒரு சொல்: கூட்டுறவு நடுத்தீர்ப்பும் நீதிமன்ற வாசலும்

ஊர்ப் பேச்சிலே 'கோப்பரேட்டி' என்றால் அரிசி, சீனி வாங்கும் சங்கக் கடைதான் நமக்கு ஞாபகம் வரும். ஆனால் இலங்கையில் கூட்டுறவு கடன் சங்கமாகத்தான் முதலில் சட்டத்துக்குள் வந்தது. 1911ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் பெயரே கூட்டுறவுக் கடன் சங்கங்கள் கட்டளைச் சட்டம். வட்டிக்காரனிடம் வயலையும் தோட்டத்தையும் ஈடு வைத்துச் சீரழிந்த கிராமத்தவனுக்கு அது ஒரு மாற்று வழி. அந்த வழியில் கால் வைக்க ஒரேயொரு தகுதி வேண்டும்: அங்கத்துவம். அங்கத்தவனுக்குத்தான் கடன், அவனுக்குத்தான் பங்கு, வாக்கு எல்லாம். ஒருவனைச் சங்கத்திலிருந்து விலக்கினால் பட்டியலிலிருந்து ஒரு பெயர் மட்டும் போவதில்லை, அடுத்த போகத்துக்கான விதைநெல்லும் போய்விடும்.

அங்கத்தவனுக்கும் சங்கத்துக்கும் பிணக்கு வந்தால் என்ன செய்வது? கூட்டுறவை வளர்த்தவர்களுக்கு இதில் தெளிவான எண்ணம் இருந்தது. நூறு ரூபாய்க் கடனுக்காகக் கோடு கச்சேரி ஏறினால், புறக்டர் கட்டணமே கடனை விழுங்கிவிடும். ஆகவே பிணக்கைச் சங்க உலகத்துக்குள்ளேயே, செலவில்லாமல், சுருக்காகத் தீர்க்க வேண்டும். இந்தியாவின் 1912ஆம் ஆண்டுச் சட்டத்திலே இதற்கு இடம் விடப்பட்டிருந்தது. நம் நாட்டில் 1936ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் 45ஆம் பிரிவிலே இதை விரித்துச் சொன்னது. சங்கத்தின் அலுவலைத் தொட்ட பிணக்கு எதுவும் பதிவாளரிடம் போகவேண்டும். அவர் தாமே தீர்ப்பார், அல்லது ஒரு நடுத்தீர்ப்பாளரிடம் ஒப்படைப்பார். அந்தத் தீர்ப்பு பிடிக்காதவர் பதிவாளரிடமே மேன்முறையிடலாம். அதன் பிறகு பதிவாளர் சொல்வதே முடிவானது. எந்தச் சிவில் நீதிமன்றத்திலும் அதைக் கேள்வி கேட்க முடியாது. 1972ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தபோதும் இதே ஏற்பாடு 58ஆம் பிரிவாகத் தொடர்ந்தது.

ஏற்பாடு நல்லதுதான். ஆனால் ஒரு சங்கடம் இருக்கிறது. சங்கத்தைப் பதிவதும், அதன் கணக்கைச் சோதிப்பதும், தேவைப்பட்டால் கலைப்பதும் பதிவாளரே. பிணக்கை விசாரிப்பதும் அவரே, அல்லது அவர் அனுப்பிய ஆளே. தன்னை விலக்கியது முறையில்லை என்று சொல்லும் ஓர் ஏழை அங்கத்தவன் வேறெங்கே போவான்? 'முடிவானது' என்ற சொல் அவனுக்கு எல்லா வாசலையும் அடைத்துவிடுகிறதா? கூட்டுறவு நடுத்தீர்ப்பின் நீதிமன்ற வரலாறு இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது.

முதல் விடை இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்கே பரஸ்பர உதவிச் சங்கங்களுக்கும் இதே போன்ற சட்டம் இருந்தது. ஓர் அங்கத்தவரை ஒரு விதிமீறலுக்கென்று அழைத்து, விசாரணை நடந்த இடத்திலேயே மோசடி என்ற பெரிய குற்றத்தைச் சுமத்தி, நடுத்தீர்ப்புக் குழு விலக்கிவிட்டது. அப்படியான குற்றத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்பது சங்கத்தின் சொந்த விதி. அண்ட்ரூஸ் எதிர் மிச்சல் என்ற இவ்வழக்கில் 1905இல் பிரபுக்கள் சபை, அந்தத் தீர்ப்பு வெற்றுக் காகிதம் என்றது. முறைப்படி தொடங்காத விசாரணையில் தீர்ப்பே பிறக்கவில்லை. பிறக்காத தீர்ப்பு முடிவானதாக இருப்பது எப்படி?

இரண்டாவது விடை, 'சங்கத்தின் அலுவலைத் தொட்ட' என்ற சொற்றொடரிலிருந்து வந்தது. டெக்கான் மேர்ச்சன்ட்ஸ் கூட்டுறவு வங்கி, தன் கைக்கு வந்த ஒரு கட்டடத்தின் வாடகைக்காரரை வெளியேற்ற, நீதிமன்றத்தை விட்டுக் கூட்டுறவுப் பதிவாளரிடம் போனது. 1968இல் இந்திய உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வீட்டு வாடகைப் பிணக்கு வங்கியின் அலுவலைத் தொடவில்லை என்றது. அடுத்த ஆண்டு, ஆந்திராவின் ஒரு கூட்டுறவு மத்திய வங்கியின் வழக்கிலும், ஊழியரின் சேவை நிபந்தனைகள் அந்தச் சொற்றொடருக்குள் அடங்கா என்று தீர்த்தது. ஆக, எல்லைக்கு உள்ளே மட்டும்தான் நடுத்தீர்ப்பாளர் ராஜா.

மூன்றாவது கேள்வி நம் நாட்டுக்கே உரியது. அது நம் சமூகத்தையும் நேரடியாகத் தொட்டது. சோல்பரி அரசியலமைப்பின்படி நீதி அலுவலர்களை நீதிச்சேவை ஆணைக்குழுவே நியமிக்க வேண்டும். அப்படியானால் வேறு யாராவது நியமித்தவர்கள் நீதி அதிகாரத்தைக் கையாளலாமா? 1960களில் இந்தக் கேள்வி இலஞ்ச நியாயசபையைத் தாக்கியது. 1962இல் ஜெய்லாப்தீன் எதிர் டானினா உம்மா வழக்கில் நமது காதிமாரையும் தாக்கியது. ஆணைக்குழு நியமிக்காத காதிக்கு அந்த அதிகாரம் இல்லையென்று உயர் நீதிமன்றம் தீர்த்தது. பின்னர் சட்டம் திருத்தப்பட்டு, இன்று காதிமாரை நியமிப்பது நீதிச்சேவை ஆணைக்குழுதான். கூட்டுறவு நடுத்தீர்ப்பாளர்களும் இதே கேள்விக்கு முகம் கொடுத்தார்கள். முறை சாயவில்லை, 1972 வரை வந்து அதற்கப்பாலும் நிலைத்தது. ஆனால் 'உமக்கு இந்த அதிகாரத்தைத் தந்தது யார்?' என்று தீர்ப்பளிப்பவரையே கேட்கலாம் என்பது அன்றோடு நிலைபெற்றுவிட்டது.

கேட்பதற்கான கருவி எழுத்தாணை. பழைய நீதிமன்றக் கட்டளைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு அதற்கான அதிகாரத்தை உயர் நீதிமன்றத்துக்குத் தந்திருந்தது. நக்குடா அலி என்ற புடவை வியாபாரி, தன் அனுமதிப்பத்திரம் ரத்தானதை எதிர்த்து அந்தப் பிரிவின்கீழ்தான் போனார். கட்டுப்பாட்டாளர் நீதிமுறையாகச் செயற்பட வேண்டியவரல்லர் என்று சொல்லிக் கோமறைக் கழகம் 1950இல் அவரைத் திருப்பியனுப்பியது. நடுத்தீர்ப்பாளருக்கு அந்தச் சாட்டு உதவாது. இரு தரப்பையும் கேட்டுத் தீர்ப்பதே அவர் வேலை. இன்று எழுத்தாணை அதிகாரம் அரசியலமைப்பின் 140ஆம் உறுப்புரையின்படி மேன்முறையீட்டு நீதிமன்றத்திடமும், கூட்டுறவு மாகாண சபைகளுக்குப் பகிரப்பட்ட பிறகு 154P உறுப்புரையின்படி மாகாண மேல் நீதிமன்றங்களிடமும் இருக்கிறது.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. எழுத்தாணைக்குப் போனால் நீதிமன்றம் கடன் கணக்கைத் திரும்பக் கூட்டிப் பார்க்காது. அறிவித்தல் வந்ததா, பேச விட்டார்களா, அதிகார எல்லையைத் தாண்டினார்களா என்றுதான் பார்க்கும். அதனால் விலக்கப்பட்ட அங்கத்தவருக்கு உண்மையான ஆயுதம் சங்கத்தின் துணைவிதிகளும் கையிலுள்ள கடிதங்களும் திகதிகளுமே. மேன்முறையீட்டுக் காலத்தைக் கோட்டை விட்டவருக்குப் பிறகு நீதிமன்ற வாசல் திறப்பது கஷ்டம். நிர்வாகக் குழுவில் இருப்பவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. ஒரு பக்கக் கடிதத்தில் குற்றச்சாட்டை எழுதிக் கொடுத்து, அரை மணித்தியாலம் அவனைப் பேசவிட்டிருந்தால் போதும், பல விலக்கல்கள் நீதிமன்றத்தில் விழுந்திருக்க மாட்டா. தீர்ப்பை முடிவானதாக ஆக்குவது சட்டத்தின் ஒரு சொல் மட்டுமல்ல. அதற்கு முன் நடந்த விசாரணையும்தான்.